வெட்டிவேர் மணக்கும் கரி பஸ்

பெட்ரோல் கிடைக்காத காலத்தில் லாரி ஓட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால், "பத்துப் பேரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், மேடு வந்தால் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள்" என்பேன். கொழும்பில் எங்கள் முதலாளியின் லாரிகள் மூன்றும் அப்படித்தான் ஓடுகின்றன. யுத்தம் வந்து பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போன பிறகு, லாரியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டினோம். அதில் அடுப்புக்கரியைக் கனியவைத்து, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுத்தோம். சமதரையில் குறை சொல்ல முடியாது. கண்டிச் சாலையில் கடுகண்ணாவை ஏற்றம் வந்ததும் லாரி நாலு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும்.

கம்பெனியில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. ஆனால் பேனாவைவிட ஸ்பானர் பிடித்த நேரம்தான் அதிகம். எஞ்சினைப் பற்றி எந்தப் பத்திரிகை கிடைத்தாலும் விடமாட்டேன். ஒருநாள் மதுரையிலிருந்து கைத்தறிச் சேலை கொண்டுவரும் வியாபாரி ஒருவர் எங்கள் லாரி நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊர்ல ஒரு கரி பஸ் இருக்கு தம்பி. நாப்பது பேரோட மேடு ஏறுது. அதோட வாசமாவும் இருக்கு."

"வாசமா?"

"வெட்டிவேர் வாசம்."

முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டிவேருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று இரவு தூக்கம் போயிற்று. என் அப்பா பிறந்ததும் மதுரைச் சீமைதான். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. "போய்ப் பார்த்துவிட்டு வா, மேடு ஏறுகிற வித்தையோடு வா" என்று முதலாளி அனுப்பிவைத்தார். கப்பல், ரயில், தடுப்பூசி, பிரயாண அனுமதிச் சீட்டு என்று நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. நேரே மதுரைக்கு வந்துவிடுவோம்.

வைகாசி வெயில். கொழும்பு வெயில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சட்டை முதுகை விட்டுப் பிரியாது. மதுரை வெயில் உறிஞ்சுகிற சாதி. முகம் கழுவிவிட்டுத் துண்டைத் தேடினேன். துண்டு கிடைப்பதற்குள் முகம் காய்ந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் நுழைந்தேன். இட்லி கேட்டேன்.

"அரிசி இட்லி முடிஞ்சு போச்சுண்ணே. கம்பு இட்லி இருக்கு" என்றார் பரிமாறுகிறவர்.

யுத்தம் எல்லா ஊர் இலையிலும் கைவைத்திருக்கிறது. எங்கள் ஊரில் சோற்றுக்குப் பதில் பாண், அதாவது ரொட்டி தின்கிறோம். இங்கே கம்பு. இட்லி கறுத்துத்தான் இருந்தது. ஆனால் கொத்துமல்லிச் சட்னி அதைத் தூக்கி நிறுத்திவிட்டது. ஆறு தின்றேன்.

"எந்த ஊரு?"

"கொழும்பு."

"அங்கன கொழம்புக்குத் தேங்காப்பால தண்ணி மாதிரி ஊத்துவாகளாமே?"

"ஆமாம்."

"குடுத்து வச்ச ஆளுக" என்று பெருமூச்சு விட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் அடுக்களைக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பஸ்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் உருளை. கிளீனர்கள் காற்றுச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரி கனிந்து வாயு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை பிரயாணிகள் சும்மா இருப்பார்களா?

"ஏப்பா, இன்னுமா பத்தல? என் வீட்டுக்காரி இந்நேரம் ரெண்டு கொழம்பு எறக்கியிருப்பா."

"அப்ப ஒங்க வீட்டு அடுப்புல ஏறிப் போங்கண்ணே!"

எங்கள் ஊர் கிளீனர்கள் முறைப்பார்கள். இங்கே பதில் கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. வெட்டிவேர் வாசமடிக்கும் பஸ் எது என்று அந்தக் கிளீனரையே கேட்டேன்.

"பேரையூர் ஒச்சப்பண்ணன் வண்டியா? அது செல்லூர்ல காதர் பாய் பட்டறையில கெடக்கு. நாளன்னிக்கு அதுக்குப் பரீட்சைல்ல."

பஸ்ஸுக்குப் பரீட்சையா என்று யோசித்துக்கொண்டே, தண்ணீரில்லாத வைகையைத் தாண்டிச் செல்லூர் போனேன். தறிச் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்து நெசவாளிகள் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவு காய்ந்து சுருட்டும்வரை பட்டறையிலிருந்து பஸ் வெளியே வர வழியில்லை. பஸ்காரர்களும் அவசரப்படவில்லை, நெசவாளிகளும் அவசரப்படவில்லை. கொழும்பாக இருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை. பஸ்ஸின் மூக்கு உள்ளே, பின்பக்கம் தெருவில். காதர் பாய்க்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கைலியை மடித்துக் கட்டி, காதில் பென்சிலைச் செருகியிருந்தார். பக்கத்தில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர்தான் ஒச்சப்பன். பஸ்ஸுக்கு முதலாளி, டிரைவர் இரண்டும் அவரே. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"கப்பலேறி வந்தீகளா? இதைப் பாக்கவா?" என்று காதர் எழுந்தேவிட்டார். "மச்சான், கேட்டீகளா? கொழும்புக்கு எட்டிருச்சு நம்ம பேரு!"

பஸ்ஸின் மூக்கைக் காட்டினார். எஞ்சினுக்கு முன்னால், நேரே காற்று மோதுகிற இடத்தில், விரல் தடிமனில் பதினாறு குழாய்கள் வேலி மாதிரி நின்றன. கரி உருளையிலிருந்து வரும் வாயு இந்தக் குழாய்களுக்குள் ஓடித்தான் எஞ்சினுக்குள் போகவேண்டும். குழாய்களின் மேல் மெல்லிசாக வெட்டிவேர்த் தட்டி. சர்க்கார் கச்சேரிகளில் கோடைக்கு ஜன்னலில் நனைத்துக் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே தட்டிதான். கூரை மேல் ஒரு மண்ணெண்ணெய் டின். அதிலிருந்து பருத்தித் திரி வழியாகத் தட்டி மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

"நாங்கள் அந்தக் குழாயை ஆஸ்பெஸ்டாஸ் கயிறு போட்டு இறுக்கிச் சுற்றியிருக்கிறோமே, சூடு போகக்கூடாது என்று" என்றேன். என் யோசனைதான் அது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

காதர் என்னைப் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, சோத்துச் சட்டிக்குத் துணி சுத்தலாம். எஞ்சினுக்கு எதுக்குச் சுத்துனீக?"

"சூடாகப் போனால் சட்டென்று தீப்பிடிக்கும் என்று..."

"மச்சான் பருத்தி வெதச்ச ஆளு. அவரக் கேளுங்க. வெடிச்ச பஞ்ச அப்படியே கூடையில அள்ளுனா எம்புட்டு புடிக்கும்? மிதிச்சு அமுக்கி அள்ளுனா எம்புட்டு புடிக்கும்?"

"மூணு மடங்கு" என்றார் ஒச்சப்பன்.

"கூடை ஒண்ணுதான? எஞ்சின் ஒரு மூச்சுக்கு ஒரு கூடைதான் அள்ளும். வாயு சூட்டுல உப்பி வந்தா கூடை நெறஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சரக்கு இருக்காது. குளுந்து வந்தா சுருங்கி வரும். அதே கூடை, சரக்கு ஜாஸ்தி. எங்க அத்தா கச்சேரியில தட்டிக்குத் தண்ணி ஊத்துற உத்தியோகம் பாத்தாக. தட்டிக்கு அந்தப்பக்கம் நெருப்பாக் காத்து, இந்தப்பக்கம் சிலுசிலுன்னு காத்து. அதை நான் பாத்துக்கிட்டே வளந்தேன். அம்புட்டுத்தான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இதை நான் படித்திருக்கிறேன்! மேகத்துக்கு மேலே பறக்கும் யுத்த விமானங்களைப் பற்றிப் போன வருஷம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அந்த உயரத்தில் காற்று மெலிசு. அதனால் எஞ்சின் கக்கும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழலவிட்டு, அதைக்கொண்டு வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறார்கள். டர்போ என்று பெயர். அமுக்கினால் காற்று சூடாகிறது. சூடானால் உப்பிவிடுகிறது, அமுக்கியதற்குப் பலன் குறைகிறது. ஆகவே எஞ்சினுக்குள் விடும் முன்பு அதைக் குளிரவைக்கத் தனியாக ஒரு சாதனம் வைக்கிறார்கள். படம்கூடப் பார்த்தேன். காற்றுக்கு ஒரு நியாயம், கரி வாயுவுக்கு ஒரு நியாயமா? எனக்கு மட்டும் ஏனோ தோன்றவில்லை.

இதைச் சொன்னதும் காதரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"ஏரோப்ளேன்லயா? அவனும் தட்டி கட்டுறானா?"

"இல்லை. தேன்கூடு மாதிரித் தகரத்தில் செய்து, வெளிக்காற்றை அதன் வழியாக ஓடவிடுகிறான்."

"வெட்டிவேர் கெடைக்கல போல, பாவம்" என்றார் காதர்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு செல்லூர் பிட்டர். வெளிநாட்டு எஞ்சினியர்கள் பெரிய பெரிய ஆலைகளில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை இவர் தகரக் கொட்டகையில் கண்டுபிடித்திருக்கிறார். அதுவும் அந்தப் பத்திரிகையைப் பார்க்காமல். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நானும் இந்த மண்ணின் பிள்ளைதான் என்று அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரிடம் வலியப்போய்ச் சொன்னேன்.

பரீட்சை என்ன என்று ஒச்சப்பன் சொன்னார். பேரையூருக்கு ஒரு மைல் முன்னால் பெரிய கண்மாய். சாலை அந்தக் கண்மாய்க் கரை மேல் ஏறித்தான் ஊருக்குள் இறங்கும். தட்டி கட்டுவதற்கு முன்னால், அந்த ஏற்றத்தில் பிரயாணிகளை இறக்கித் தள்ளவைத்ததாகப் புகார் போயிருக்கிறது. திருமங்கலத்தில் நாலு பஸ் வைத்திருக்கும் ஒருவர் அதே பாதைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறார். மோட்டார் இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். நாற்பது பேர், முழுப் பாரம், கரையேற்றத்தில் ஒரு ஆள்கூட இறங்கக்கூடாது. இறங்கினால் பர்மிட் ரத்து.

"ரத்தானா என்ன செய்வீர்கள்?"

"ஏரு புடிக்கலாம்னா நெலம் இல்ல. பருத்திக் காட்ட வித்துத்தான் இதை வாங்குனேன்" என்று பஸ்ஸின் மட்கார்டைத் தட்டினார். "இது போனா நான் அடுத்தவன் வண்டியில கிளீனர்தான், தம்பி. நாப்பத்தஞ்சு வயசுக் கிளீனர்."

பாவு சுருட்டுகிறார்கள் என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

இரண்டாம் நாள் வெள்ளோட்டம். திருமங்கலம் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. பாதி பஸ்தான் ஆள். வழியில் பேச்சியக்கா என்கிற வெள்ளரிக்காய் வியாபாரி இரண்டு கூடைகளோடு ஏறினார். ஏறும்போதே இரண்டு ஆம்பளைகளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் கூடைகளை உட்காரவைத்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாரு, புதுசா இருக்கு?"

"கொழும்புத் தம்பிக்கா. நம்ம வண்டியப் படிக்க வந்திருக்காப்ல" என்றார் காதர்.

"பள்ளிக்கூடத்துல படிக்க எடமில்லயாக்கும்" என்று ஒரு பிஞ்சை ஒடித்துக் கையில் கொடுத்தார். மதுரை வெள்ளரிக்குச் சதை இறுக்கம். கொழும்பு வெள்ளரி பாதி தண்ணீர்.

நான் காதர் பக்கத்தில், முன் ஜன்னலோரம். கையை வெளியே நீட்டினால் வாயுக்குழாய் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தைத் தொடலாம். காதரிடம் உஷ்ணமானி கிடையாது. கைதான். "தொட்டுட்டு எண்ணுங்க" என்றார். முதலில் தட்டியை நனைக்காமல் ஓட்டச் சொன்னார். நான் தொட்டேன், ஒன்று என்று சொல்வதற்குள் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு திரியை இறக்கிவிட்டார். தட்டி நனைந்தது, எதிர்க்காற்று அதன் வழியாக அடித்தது. பஸ் முழுவதும் மழை பெய்த மண் வாசமும் வெட்டிவேர் வாசமும். ஒரு மைல் கழித்துத் தொட்டேன். பத்து வரை எண்ணினேன், பன்னிரண்டு வரை எண்ணினேன். எஞ்சினின் சத்தமே மாறிவிட்டது. ஒச்சப்பன் திரும்பிப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் திரி அடைத்துக்கொண்டது. பஸ்ஸை நிறுத்தாமல் நான் மட்கார்டு மேல் தொற்றிச் சொம்பால் தண்ணீர் ஊற்றப் போனேன். கொழும்பில் டிராமில் தொங்கிய பழக்கம் இருக்கிறதே என்ற தைரியம். பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உழுது போட்ட கரிசலில் விழுந்ததால் எலும்பு தப்பியது. வெள்ளைச் சட்டை தப்பவில்லை.

"படிப்பு முடிஞ்சுச்சா தம்பி?" என்று பேச்சியக்கா ஜன்னலிலிருந்து கேட்டார். பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது?

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். கீற்றுக் கொட்டகையில் பானை வரிசை. பந்தல்காரர் எங்களைப் பார்த்ததும் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கூரை டின்னில் ஊற்றச் சொன்னார். பிறகுதான் எங்களுக்கு மோர். "வாயில்லாத சீவனுக்கு மொதல்ல" என்றார். மாட்டைச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸைத்தான் சொன்னார். அங்கேயே ஒரு கிழவர் பருத்திப்பால் விற்றார். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். இரண்டு குவளை குடித்தேன். கொழும்பில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திரும்பி வரும்போது ஒரு யோசனை வந்து கொஞ்சம் சோர்ந்தேன். ஈரம் காய்ந்தால்தான் குளிர்ச்சி. இந்த ஊர்க் காற்று துண்டு தேடுவதற்குள் முகத்தை உலர்த்திவிடுகிற காற்று, தட்டியையும் அப்படித்தான் உலர்த்துகிறது. எங்கள் ஊரில் காற்றே நனைந்துதான் இருக்கிறது. அங்கே தட்டி பாதி வேலைதான் செய்யும். காதரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தார்.

"கண்டி ரோட்டுல தண்ணி இருக்கா?"

"திரும்பின பக்கமெல்லாம் அருவி."

"அப்ப குழாய ரெட்டிப்பாக்கி, டின்னையும் பெருசாக்குங்க. சொட்டு வேணாம், ஓடவே விடுங்க. ஒவ்வொரு அருவிக்கும் ரொப்பிக்கிருங்க. ஊருக்குத் தக்க தட்டி."

அவர் வீட்டில்தான் அன்றைக்குச் சாப்பாடு. சோளச் சோறும் கறியும். நான் இரண்டாவது தடவை குழம்பு கேட்டதை அவர் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் பட்டறைக்குப் போனவன் பஸ்ஸை அடையாளம் தெரியாமல் நின்றேன். கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, குறுக்கே மாவிலைத் தோரணம். செல்லூர் நெசவாளிகள் புது வேட்டி ஒன்றை மரியாதையாகக் கொண்டுவந்து முன்பக்கம் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஆள் தடிமனில் ஒரு மாலை. பேரையூர் எல்லையில் இருக்கும் அய்யனாருக்குச் சார்த்தி, முதல் நாளே ஒச்சப்பன் வீட்டார் கொடுத்தனுப்பிய மாலை. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. காதர் மட்டும் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் காக்கி நிக்கரும் தொப்பியுமாக வந்தார். கையில் நோட்டு. அலங்காரத்தைப் பார்த்து, "இதெல்லாம் பார்த்து மயங்குகிற ஆள் நான் இல்லை" என்றார்.

"ஒங்களுக்குக் கட்டலங்கய்யா, வண்டிக்குக் கட்டுனது" என்றார் ஒச்சப்பன்.

நாற்பது பேர் என்றால் பேரையூர்க்காரர்கள் அறுபது பேர் வந்து நின்றார்கள். "நான் ஏறுறேன், எனக்கு எடை கம்மி" என்று ஒருவர். "பாரம் வேணும்னுல்ல சொல்லுதாக, நீ எதுக்கு?" என்று இன்னொருவர் அவரைத் தள்ளிவிட்டார். இன்ஸ்பெக்டர் எண்ணி எண்ணி ஏற்றினார். பேச்சியக்கா கூடைகளைத் தனியாக எண்ணவேண்டும் என்று சண்டை பிடித்தார்.

திருமங்கலம் தாண்டியதும் எஞ்சின் இரும ஆரம்பித்தது. சமதரையிலேயே இரும ஆரம்பித்தது! முழுப் பாரம், அதனால்தான் என்றார் ஒருவர். ஒச்சப்பன் நெற்றியில் வேர்வை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழாயைத் தொட்டேன். ஒன்று என்றுகூட எண்ண முடியவில்லை. திரி நன்றாகத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டியும் நனைந்துதான் இருந்தது. தட்டியின் வழியே அடிக்கவேண்டிய காற்று எங்கே?

எட்டிப் பார்த்தேன். வாழை இலைகள் இரண்டு பக்கமும் விசிறிக்கொண்டு நின்றன. வேட்டி படுதா மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. அதன் மேல் அந்த மாலை. ஈரத் தட்டிக்கு முன்னால் நாங்களே பூவால் ஒரு சுவர் எழுப்பியிருந்தோம்.

"காதர் பாய், காற்று போகவில்லை!" என்றேன் மெதுவாக.

"காலையிலயே பாத்தேன்" என்றார் அவர், அதைவிட மெதுவாக. "நான் என்னன்னு சொல்வேன் தம்பி? நான் போய் 'சாமி மாலையக் கழட்டுங்க'ன்னு சொன்னா மச்சான் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. கூட இருக்குறவக நெனைப்பாக. தாங்கிரும்னு பாத்தேன். தாங்கல."

ஒரு மைல் தள்ளிக் கண்மாய்க் கரை. அதற்கு முன்னால் கடைசித் தண்ணீர்ப் பந்தல். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்பது வழக்கம், இன்ஸ்பெக்டரும் ஆட்சேபிக்கவில்லை. நான் இறங்கி ஒச்சப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். வெளியூர்க்காரன் சொன்னால் குற்றமில்லை.

வாழைக்கன்றை அவரே அவிழ்த்துக் கூரை மேல் போட்டார். வேட்டியை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது முடியாது தம்பி. அய்யனார் மால. அவரு எல்லைக்குப் போயிட்டுத்தான் எறங்கணும். பாதியில கழட்டி எங்க வைக்கிறது? கீழ வைக்கலாமா? கூரையில கால் பட்ட எடத்துல வைக்கலாமா?"

"பர்மிட் போய்விடுமே!"

"போகட்டும்" என்றார்.

நாற்பது பேரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புறப்படுகிறீர்களா, எழுதிவிடட்டுமா?"

அப்போதுதான் பேச்சியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏன்யா, சாமி மால கீழயும் எறங்கக்கூடாது, வண்டியிலயும் இருக்கக்கூடாது. மனுசன் கழுத்துல இருக்கலாம்ல? ஊருக்குப் பெரிய மனுசரு வந்தா சாமி மாலயப் போட்டு மரியாதை பண்றதில்லயா? இந்தா நிக்கிறாருல்ல ஒரு பெரிய மனுசரு?"

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம்.

"கிட்ட வராதே. இது லஞ்சம்" என்று இரண்டடி பின்னால் போனார்.

"அய்யனாரு லஞ்சம் குடுப்பாராய்யா?" என்றார் பேச்சியக்கா. "அப்படி அவருக்கு என்ன காரியம் ஆகணும் ஒங்களால?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தொப்பியைக் கழற்றினார். ஒச்சப்பன் இரண்டு கையாலும் மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். அது அவரை முழங்கால்வரை மூடியது.

"எல்லை வர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுங்கய்யா" என்றார் காதர். அன்றைக்கு அவர் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

புறப்பட்டோம். இப்போது காற்று நேராகத் தட்டியில் மோதியது. அரை மைல் போனதும் தொட்டேன். ஐந்து எண்ண முடிந்தது. கரையடி வந்தபோது பத்து. ஒச்சப்பன் கியரை மாற்றினார். பஸ்ஸின் மூக்கு மேலே தூக்கியது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களோடு சேர்ந்து மிதித்துக்கொண்டே, "என்னாண்ணே, ஏறிருமா?" என்று கேட்டார். "பேசாம வாடா!" என்று நாற்பது குரலும் ஒன்றாக அதட்டின. பின் வரிசையில் ஒருவர் பாரம் குறையட்டும் என்று மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மாலையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் அறியாமல் முன்பக்கம் சாய்ந்திருந்தார். பஸ் அவர் சாய்ந்துதான் ஏறவேண்டும் என்பது போல.

எஞ்சின் இருமவில்லை. ஒரே சீராக, தறி ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் ஏறியது. சக்கரம் கரை மேல் ஏறிச் சமமானதும் எதிரே கண்மாய், அதற்கப்பால் பேரையூர். நான் போட்ட கூச்சலில் காதர் காதைப் பொத்திக்கொண்டார்.

அய்யனார் எல்லையில் மாலையை இறக்கிக் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பஸ்ஸின் மட்கார்டு மேல் காகிதத்தை வைத்து எழுதினார். சட்டையில் ஒட்டியிருந்த சந்தனமும் இதழ்களும் காகிதத்தில் உதிர்ந்தன, ஊதிவிட்டு எழுதினார். பென்சிலை நிறுத்தி, குழாய்களையும் தட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இதைச் செய்தது யார்?" என்றார். காதர் முன்னால் வந்தார். முழுப்பெயரைக் கேட்டு எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை ஒச்சப்பனிடம் கொடுத்தார்.

ஒச்சப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதை என்னிடம் நீட்டினார். நான் பஸ்ஸின் படியில் ஏறி நின்று, ஊர் முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்:

"பிரயாணிகள் நாற்பது. வாயு குளிர்விக்கும் சாதனம் திருப்திகரம், செய்தவர் மதுரை செல்லூர் காதர் மொய்தீன். பர்மிட் நீடிக்கலாம். ஏற்றத்தில் இறங்கியவர்கள்: யாருமில்லை."

ஒச்சப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வையை மட்டுமல்ல.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி, தம்பி" என்றார் பேச்சியக்கா.

வாசித்தேன்.